மஞ்சளுக்குத் தன் பெயர் தெரியாது

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மூட்டைகளை விரலி, கிழங்கு என்று பிரித்து வைப்பார்கள். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. என்ன பெயர் வைத்தாலும் மஞ்சள் காதில் அது விழப்போவதில்லை. மனிதரைப் பிரித்தால் அவர் காதில் விழும். விழுந்த பிறகு அவர் கொஞ்சமாவது மாறுவார்.

கனடாவின் தத்துவ அறிஞர் இயான் ஹேக்கிங் (1936–2023) பல ஆண்டுகளை இந்த வித்தியாசத்துக்குக் கொடுத்தார். ஒரு பெயர் வருகிறது. அதைத் தாங்கியவர்கள் அதற்கேற்பத் தங்களைப் பார்க்கிறார்கள், நடக்கிறார்கள். அவர்கள் மாறியதால் பழைய விளக்கம் பொருந்தாமல் போகிறது. மருத்துவர்கள் விளக்கத்தைத் திருத்துகிறார்கள். திருத்தியதும் மறுபடி அவர்கள் காதுக்கு வருகிறது. செக்குமாட்டுச் சுற்று மாதிரி, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தடம் சற்று நகரும்.

அவர் சொன்ன உதாரணங்களில் என்னை விடாமல் பிடித்தது ஆல்பர்ட் டாடாஸின் கதை. பிரான்சின் போர்தோ நகரில் எரிவாயு நிறுவனத் தொழிலாளி. திடீரென்று வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார். மாஸ்கோ வரைக்கும் போயிருக்கிறார். எப்படி வந்தோம் என்பது நினைவிருக்காது. 1887இல் பிலிப் டிசியே என்ற மருத்துவர் இவரைப் பற்றி எழுதினார். பிறகு பிரான்சிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் அதே போல் நடப்பவர்கள் வரிசையாக வந்தார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் அந்த நோய் ஏறக்குறைய காணாமல் போனது. எல்லோரும் நடித்தார்களா? இல்லை, அவர்கள் பட்ட வேதனை நிஜம் என்பதில் ஹேக்கிங் உறுதியாக இருந்தார். சுற்றுலா மோகமும் நாடோடிகள் மீதான பயமும் ஒரே நேரத்தில் பரவிய காலம் அது. வழியில் அடையாளக் காகிதம் கேட்கும் போலீஸும் இருந்தது. தவிப்பு அந்த மண்ணில் அந்த உருவம் எடுத்தது, அவ்வளவுதான்.

நிகழ்தகவின், அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறையின், வரலாற்றையும் ஹேக்கிங் எழுதினார். இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. 1990இல் வந்த அவருடைய புத்தகம் அதை விளக்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் அரசுகள் குற்றம், தற்கொலை, நோய் என்று எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கின. எண்ண வேண்டுமானால் முதலில் யார் எந்த வகை என்று கட்டம் போட வேண்டும். கட்டம் போட்டதும் சராசரி வந்தது. சராசரியே 'நார்மல்' ஆனது. அதன் பிறகுதான் ஒருவர் 'நான் நார்மலா?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள முடிந்தது.

கோபிப் பக்கம் எங்கள் அத்தை "நெஞ்சு படபடங்குதுங்க, சோறு எறங்கமாட்டீங்குது" என்பார். அவர் பேத்தி அதே தவிப்பை "டிப்ரஷனுங்க" என்கிறாள். பெயர் கிடைத்ததால் மருந்தும் கிடைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் தூங்காத ஒவ்வொரு இரவையும் இப்போது அந்தச் சொல்லுக்குள் வைத்தே அவள் கணக்கிடுகிறாள்.

சுற்று எதிர்ப்பக்கமும் ஓடும். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் உள்ளனுபவத்தைத் தாங்களே எழுதத் தொடங்கியது இன்னும் அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் அந்த அனுபவத்தைப் பேச நம்மிடம் சொற்களே போதவில்லை என்றார் ஹேக்கிங். சொற்களை அவர்கள்தான் கொடுத்தார்கள்.