ஸ்கேன் பண்ணியாச்சு, சரி. அசல் எங்கே?

மறுபடியும் ஒரு பென் டிரைவ். மேசை மேல் வைத்துவிட்டு வந்தவர் சொன்னார்: "இதுல எங்க குடும்பத்துப் பழைய படம் எல்லாம் இருக்கு சார். சிலது மங்கலா இருக்கு, தெளிவாக்கிக் கொடுங்க. நடுவுல நிக்கிறது எங்க கொள்ளுத் தாத்தாவான்னும் பார்த்துச் சொல்லுங்க." அசல் படங்கள் எங்கே என்று கேட்டேன். "அதான் ஸ்கேன் பண்ணியாச்சே! ஆல்பம் பூச்சி அரிச்சுக் கிடந்தது, வீடு மாத்தும்போது தூக்கிப் போட்டுட்டோம்."

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். இந்தப் பதிலை இன்னொரு முறை முகம் மாறாமல் கேட்டுக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கேன் செய்தால் கிடைப்பது படத்தின் முன்பக்கம் மட்டும். நடுவில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் முகத்தில் இருக்காது, முதுகில்தான் இருக்கும். 1890க்கு முன்பே காலமான ஒருவரின் படம் என்று சொல்லி ஒரு குடும்பம் எடுத்து வந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அது அஞ்சலட்டையாக அச்சான படம். பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடப்புறம் செய்தி எழுத, வலப்புறம் முகவரி எழுத. முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்று பிரிட்டன் அனுமதித்தது 1902இல். மற்ற நாடுகள் அதன் பிறகுதான் வழிக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டுத் தாளில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இறந்துபோனவர் எப்படி வந்து நிற்பார்? பெரும்பாலும் ஒரு வழிதான்: பழைய படத்தைப் பிற்காலத்தில் மறுபடி படம் பிடித்திருக்க வேண்டும். அப்படியானால் உருப்பெருக்கியில் மூலப்படத்தின் ஓரமோ, கீறலின் நிழலோ சிக்கும், விவரங்கள் மழுங்கியிருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. அவர்கள் பல காலம் கொள்ளுத் தாத்தா என்று கும்பிட்டது அவருடைய மகனாக இருக்கலாம். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அட்டையைக் கழித்திருந்தால் இது யாருக்குமே தெரிந்திருக்காது.

"பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டால்?" நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனாலும் போதாது. தாளின் தடிமன், பளபளப்பு, பூச்சு எல்லாமே சாட்சிகள். முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் தாள் 1850இல் வந்தது. மிக மெல்லியது என்பதால் அட்டையில் ஒட்டித்தான் கொடுப்பார்கள். உள்ளங்கை அளவு அட்டை என்றால் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டிஸ்டெரி 1854இல் காப்புரிமை பெற்ற வகையாக இருக்கலாம். பெரிய கேபினட் அட்டைகள் வந்தது 1860களில். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் ஜெலட்டின் வெள்ளித் தாளில் கருமையான பகுதிகள் நீலம் கலந்த உலோக மினுமினுப்போடு கண்ணாடிபோல் ஆகும். படத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஸ்கேனில் அது வெறும் வெளிறல். டின்டைப் என்று ஒரு பழைய படவகை உண்டு; பெயரில் தகரம் இருக்கிறதே தவிர, உண்மையில் அது இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். என் மேசை இழுப்பறையில் ஒரு குட்டிக் காந்தம் எப்போதும் கிடக்கும். அந்த வகைப் படத்தில் இடம் வலம் மாறித்தான் பதியும். "எங்க முப்பாட்டனார் இடது கைக்காரர்" என்ற குடும்பக் கதைகளில் சில இங்கேதான் பிறந்திருக்கின்றன.

ஆல்பத்தைப் பிரிப்பதும் அதே குற்றம்தான். யார் பக்கத்தில் யார் படம், எந்தக் கல்யாணத்துக்கு அடுத்து எந்தக் குழந்தை என்ற வரிசையை ஒட்டியவர் யோசித்துத்தான் வைத்திருப்பார். பிரித்தே ஆக வேண்டுமானால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுங்கள். பிறகு கை வையுங்கள்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது: முகத்தைத் 'தெளிவாக்கும்' செயலிகள். அவை மறைந்திருக்கும் முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எங்கெங்கோ பார்த்த முகங்களை வைத்துப் புதிதாக ஒன்றை வரைகின்றன. பாட்டியின் மேலுதட்டு மச்சத்தைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே கண் வைத்துவிடும். ஆசைக்குச் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் கோப்பின் பெயரிலேயே 'செயலி வரைந்தது' என்று போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அந்த மூக்கை வைத்துச் சாயல் பேசும்.

வம்சாவளி தேடுபவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இருக்கும் பொதுக் குடும்ப மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அங்கே பதிவேட்டின் பக்கமும் கிடைக்கும், யாரோ ஊகித்து இணைத்துவிட்ட அப்பாவும் கிடைப்பார். உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணம் கேளுங்கள். பெயர் ஒத்துப்போனால் மட்டும் ஆள் ஒன்றாகிவிடாது.

சரி, கையில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவோம். பரணும் வேண்டாம், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத, இருட்டான இடம் எதுவோ அதுவே சரி. பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும், அதுவும் ஓரத்தில் அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். லேமினேஷன் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், அதைத் திரும்பப் பிரிக்க வழி கிடையாது. பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப் போடுங்கள், பாலியெஸ்டரோ பாலிபுரொப்பிலீனோ கேட்டு வாங்குங்கள். ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள்தான் நான் பார்த்ததிலேயே மோசமானவை. படம் எளிதாக வராவிட்டால் பிய்க்காதீர்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படமும் அப்படித்தான், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும், தனியாக எடுத்து வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது, விளிம்பில் 'நைட்ரேட்' என்று இருக்கிறது என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. வல்லுநரிடம் கேளுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சின்னப் படம் என்றால் 1200. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் 'பிரதி' என்று எண்ணிவிடாதீர்கள், அது சுருங்கித்தான் வந்திருக்கும். இரண்டு பிரதிகளை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். இதெல்லாம் அசலுக்குக் கூடுதல், அசலுக்குப் பதில் இல்லை!

இன்னொன்று, இந்த வாரமே செய்யக்கூடியது. வீட்டில் மூத்தவர் இருந்தால் படத்தை அவர் கையில் கொடுங்கள். "இது பெரிய அத்தைதானே?" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள், தலையாட்டிவிடுவார். "இது யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேசுவதைப் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று சேர்த்துக் குறியுங்கள். சித்தப்பா ஒன்றும் பாட்டி வேறொன்றும் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்ப்பு எழுதி மற்றதை அடித்துவிட வேண்டாம்.