தவுங்யா: மலைப்புஞ்சையா, புனமா?

தவுங்யா என்ற பர்மியச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? பர்மாவின் பெகு பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மழைக்கு முன்னால் யோமா மலைச்சரிவில் புகை எழுந்தால், "தவுங்யா எரிக்கிறான்" என்பார் என் தாத்தா. அதோடு சரி.

பர்மிய மொழியில் 'தவுங்' என்றால் மலை. 'யா' என்பது மழையை நம்பிய மேட்டு நிலம். நெல் வயலுக்கு 'லெ' என்று தனிப்பெயர். நம் நஞ்சை, புஞ்சை மாதிரி. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் தவுங்யா மலைப்புஞ்சை.

ஆனால் மலைப்புஞ்சை நிலத்தைச் சொல்லும், தொழிலைச் சொல்லாது. காட்டில் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, கொளுத்தி, சாம்பல் மண்ணில் மலைநெல் விதைப்பார்கள். ஓரிரு வருடத்தில் வேறு இடம். விட்ட நிலத்தில் மூங்கிலும் மரமும் மறுபடி ஏறும். இதற்கு நம் பழைய சொல் புனம். புறநானூற்றில் கானவர் எரித்த நிலம் 'கரிபுனம்'. அங்கே விதைத்ததும் ஐவனம் என்ற மலைநெல்தான். புதுக்கொல்லைக்கு 'இதை', பழங்கொல்லைக்கு 'முதை' என்றுகூடப் பிரித்து வைத்திருந்தார்கள்.

பர்மியச் சொல் உலகம் சுற்றியது தேக்கால். 1856இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், கரென் என்ற பழங்குடி மக்களின் தவுங்யாவில் நெல்லோடு தேக்கையும் ஊன்றச் செய்தார். விவசாயி நகர்ந்த பிறகு தேக்கந்தோப்பு நிற்கும். அதனால் வனத்துறைக்காரர்கள் வாயில், ஆப்பிரிக்கா வரைக்கும், தவுங்யா என்றால் பயிருக்கு நடுவே மரம் வளர்க்கும் முறை.

தவுங்யாவைக் காடழிப்பாக எண்ணுவதா என்ற சிக்கல் வரைபடத்தில் வருகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். அங்கே மரக்கவிகை, அதாவது மரங்களின் இலைக்கூரை, போனால் அந்த வருடக் கணக்கில் 'இழப்பு' என்று விழும். பிறகு காடு மூடிக்கொண்டாலும் விழுந்த பதிவு விழுந்ததுதான். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்போ நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறினால்தான் காடழிப்பு என்கிறது. 2010–2015இல் மியான்மரின் நிகரக் காட்டிழப்பு (போன காட்டில் புதிதாக வந்ததைக் கழித்தது) ஆண்டுக்கு சுமார் 5,46,000 ஹெக்டேர் என்று அது கணக்கிட்டது; பிரேசில், இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம். அத்தனையையும் தவுங்யா தலையில் கட்ட முடியாது. தெற்கே தனிந்தாரியில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் படத்தில் கோடு போட்டாற்போல் நேராகத் தெரியும், அங்கேயே நிற்கும். தவுங்யா சிறு சிறு திட்டு, சில வருடத்தில் மங்கிவிடும். தரிசு விடும் வருடங்கள் குறைந்தால் காடு சரியாகத் திரும்பாது என்பதும் உண்மை.

பாடப்புத்தகத்தில் 'இடப்பெயர்வு வேளாண்மை' என்கிறார்கள். ஆள் நகர்வது அதில் இருக்கிறது, காடு திரும்புவது இல்லை. 'வெட்டி எரித்தல்' நெருப்போடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் 'சுழற்புனம்' என்பேன். வனத்துறைப் பொருளில் வரும்போது மட்டும் 'மரப்புனம்'.

தாத்தாவுக்கு இத்தனை சொல் வேண்டியிருக்கவில்லை. அவர் பேச்சில் மரம் அடர்ந்த மலையும் காடு, எள்ளு போட்ட மானாவாரிக் கொல்லையும் காடு.