கணக்குக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

சபைகள், ஊழிய அமைப்புகள், கிறிஸ்தவ அறக்கட்டளைகள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழிலில் பெரும்பகுதி. மற்ற இடங்களில் "ரசீது எங்கே?" என்று கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்பார்கள். சபையில் கேட்டால் சில சமயம் முகமே மாறிவிடும். "பிரதர், இது கர்த்தருடைய பணம். நாங்க அப்படியெல்லாம் செய்வோமா?" நான் கேட்டது ஒரு மின்கட்டண ரசீதாக இருக்கும். பதிலாக வருவது விசுவாச அறிக்கை!

திருடவேண்டும் என்றே சபைக்குள் வந்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதிகம் பார்ப்பது நல்லவர்களை. நல்லவர் என்ற பெயர் இருக்கும்போது கணக்கு எதற்கு என்று மற்றவர்கள் விட்டுவிட, அந்த இடைவெளியில் சறுக்கியவர்கள் இவர்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. பல வருடங்களாகச் சபைப் பொருளாளர். ஆராதனைக்கு முதலில் வந்து கதவைத் திறப்பவர், கடைசியில் பூட்டிவிட்டுப் போகிறவர். அவருடைய கோப்பில் ஒரு வருடத்துச் செலவுச் சீட்டுகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. ஒரு தாளிலும் மடிப்பில்லை. சட்டைப்பைக்குள் போய்வந்த தாள் அத்தனை சுத்தமாக இருக்காது. தணிக்கைக்கு முந்தைய இரவு உட்கார்ந்து எழுதியவை என்று பார்த்ததுமே தெரிந்தது. மெதுவாகக் கேட்டபோது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் அவர் எடுத்த பணம் தேதிவாரியாக இருந்தது, ஒவ்வொரு வரிக்கும் எதிரே "கைமாற்று" என்று. முதல் சில வரிகள் திருப்பி வைத்ததாக அடிக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு அடிக்கப்படாத வரிகள்தான். வீட்டில் ஒருவருக்கு நீண்டநாள் சிகிச்சை. சபையில் யாருக்கும் தெரியாது.

குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடி சிறைக்குப் போனவர்களிடம் நேரில் பேசி ஆராய்ந்து, 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். மூன்று விஷயங்கள் அவர்களிடம் திரும்பத் திரும்ப வந்தன. யாரிடமும் சொல்லமுடியாத ஒரு பண நெருக்கடி. அதை ரகசியமாகத் தீர்த்துக்கொள்ளத் தன் பொறுப்பே வழி தருகிறது என்று கண்டுகொண்டது. அப்புறம், "இது திருட்டு இல்லை, கடன்தான்" என்பதுபோல மனதுக்குச் சொல்லிக்கொண்ட ஒரு சமாதானம். அந்தச் சின்ன நோட்டில் மூன்றும் இருந்தன.

இதில் முதலாவதைத்தான் நம் சபைகள் கவனிக்கவேண்டும் என்பேன். ஆசீர்வதிக்கப்பட்டவன் என்றால் குறைவில்லாதவன் என்று நாம் பேசிப் பேசியே, "நான் கடனில் இருக்கிறேன்" என்று ஒருவர் வாய்திறக்கமுடியாத சூழலை உண்டாக்கிவிட்டோம். வியாதிக்கு ஜெபிக்கச் சொல்லலாம், வேலைக்கு ஜெபிக்கச் சொல்லலாம். வட்டி கட்டமுடியவில்லை என்று சொன்னால் அடுத்த வாரம் பார்வையே வேறாகிவிடும். சபையை வழிநடத்தும் மூப்பராகவோ பொருளாளராகவோ இருப்பவருக்கு அது இன்னும் கஷ்டம். உண்மையைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்ற இடத்தில் பொய் முளைக்காமல் என்ன செய்யும்? அந்தப் பொருளாளர் முதல் தடவை பணத்தைத் தொடுவதற்கு முன்பே மூப்பர்களிடம் சொல்லியிருந்தால், சபையே கூடி உதவியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் காவல் போடவேண்டிய இடம் பெட்டி மட்டுமில்லை.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் என்னிடம் காட்டும் வசனம் 2 இராஜாக்கள் 12:15. ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களுக்குக் கொடுக்கும்படி பணத்தை வாங்கிக்கொண்டவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அங்கே இருக்கிறது. சரி, அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். ஆசாரியர்கள் கையில் பணம் போய்க்கொண்டிருந்தது, யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம்வரை பழுது பழுதாகவே கிடந்தது. ராஜா கூப்பிட்டுக் கேட்கிறார். அதன்பிறகுதான் மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி பலிபீடத்தின் அருகே வருகிறது. பணம் சேர்ந்ததும் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் வந்து, இருவருமாக எண்ணி, பைகளில் கட்டுகிறார்கள். ஒருவர் அரண்மனை ஆள், மற்றவர் ஆலயத்து ஆள். நான் இன்று எந்தச் சபைக்கும் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான்: காணிக்கையை உறவினர் அல்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்தவுடன், அதே இடத்தில் எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும். பதினைந்தாம் வசனத்தின் நம்பிக்கை பத்தாம் வசனத்தின் எண்ணிக்கைக்குப் பிறகுதான் வருகிறது.

வேதபாரகன் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன வெள்ளியும் பொன்னும் அப்படித்தான். ஆசாரியர்களின் தலைவரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து நிறுத்துக் கொடுக்கிறார். போய்ச் சேர்ந்து நான்காம் நாளில் திரும்ப நிறுத்து வாங்கி, நிறை எல்லாம் எழுதிவைக்கப்படுகிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் "எங்களைச் சந்தேகப்படுகிறீரா?" என்று கேட்டதாக இல்லை. பவுலும், எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொள்கிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். "கர்த்தருக்குத் தெரியும், அது போதும்" என்று சொல்ல பவுலைவிடத் தகுதியானவர் யார்? அவரே சொல்லவில்லை.

விசாரிக்காத நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த நியூ எரா விவகாரம் போதும். நியூ எரா அறக்கட்டளையை நடத்தியவர் ஜான் பென்னட். பக்திமான் என்று பெயர். பணத்தை எங்களிடம் சில மாதங்கள் வையுங்கள், பெயர் சொல்ல விரும்பாத கொடையாளிகள் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றார். கிறிஸ்தவக் கல்லூரிகள், மிஷனரி அமைப்புகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் போட்டார்கள். கொஞ்ச காலம் இரட்டிப்பாகவும் வந்தது. அந்தக் கொடையாளிகள் யாருமே இல்லை. பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்திருந்தார். 1995 மே மாதத்தில் எல்லாம் சரிந்தது, 1997இல் பென்னட்டுக்குப் பன்னிரண்டு வருட சிறைத்தண்டனை. எனக்கு இதில் பிடித்த ஆள் ஆல்பர்ட் மேயர். பணம் போட்ட ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்கியல் ஆசிரியர். அவ்வளவு பணம் வைத்திருப்பதாகச் சொல்லும் அமைப்புக்கு வட்டி வருமானம் ஏன் இவ்வளவு குறைவு என்று அரசிடம் தாக்கலான கணக்கைப் பார்த்துக் கேட்டார். கல்லூரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடாமல் தோண்டி, கடைசியில் அரசு அதிகாரிகளுக்கு எழுதினார். விசுவாசக் குறைவு உள்ளவர் என்று நாம் ஓரங்கட்டும் ஆள் சில சமயம் இப்படிப்பட்டவராக இருப்பார். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரிவுக்குப் பிறகு, முன்னமே லாபம் பார்த்திருந்த பல அமைப்புகள், தாங்கள் குற்றம் செய்யாதபோதும், அந்தப் பணத்தை இழந்தவர்களுக்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தன. சாட்சி என்றால் அதைச் சொல்லலாம்.

பணத்தைத் தொடாமலும் பொய்க்கணக்கு எழுதலாம். ஊழிய அறிக்கைகளில் வரும் எண்களைப் பார்க்கும்போது எனக்கு அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்து அனனியா ஞாபகம் வருவார், நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு மீதியைக் கொண்டுவந்தவர். நிலத்தை விற்கும் முன்னும் விற்ற பின்னும் அது உன்னுடையதாகத்தானே இருந்தது என்று பேதுரு அவரிடம் கேட்கிறார். குறைவாகக் கொடுத்ததற்காகக் கேட்கவில்லை, ஒரு பங்கை முழுசு என்று காட்டியதற்காகக் கேட்கிறார். அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் உட்கார்ந்து தங்களுக்குச் சில விதிகள் வகுத்தபோது, பண விஷயத்தோடு, கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தார்கள். அந்த ஒரு விதியை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தால் எத்தனை அறிக்கைகள் மெலிந்துபோகும்!

அப்புறம் தினசரி வாழ்க்கை. போகாத பயணத்துக்குப் பயணப்படி, வராத காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் எல்லாம் தெரிந்ததுதான், விரிக்கவில்லை. நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு பழக்கம் இருக்கிறது. கடன் வாங்கியவரிடம் எப்போது தருவீர்கள் என்று கேட்டால், "கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம்." வேலைக்கு ஆள் கேட்டால், முடியாது என்று முதலிலேயே தெரிந்தும், "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்." தேதி சொல்லவேண்டிய இடத்தில் தேவனுடைய பெயரைப் போடுவது எனக்கு அவர் நாமத்தை வீணாக வழங்குவதாகவே படுகிறது. தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன வார்த்தை தவறாதவனைப் பற்றிப் பதினைந்தாம் சங்கீதம் பேசுகிறது. நாள் குறித்து, ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் சகோதர அன்பு குறைந்துவிடாது.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? கண்ணீரோடு ஜெபித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணத்தைத் திருப்பி வைத்தவர்கள் குறைவு. லேவியராகமம் 6ஆம் அதிகாரம், அபகரித்ததை முழுசாகவும், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது, அதுவும் குற்றநிவாரணபலியைச் செலுத்தும் நாளிலேயே. இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரர் சகேயு ஒருபடி மேலே போய், நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றார். அந்தப் பொருளாளர் விஷயத்தில், மூப்பர்கள் முன்னிலையில் மொத்தத் தொகையும் எழுதப்பட்டு, மாதாமாதம் கட்டுவதாக ஏற்பாடானது. பொறுப்பிலிருந்து விலகினார், சபையிலிருந்து விலக்கப்படவில்லை. இப்போதும் முதல் ஆளாக வந்து உட்காருகிறார், சாவி மட்டும் வேறொருவரிடம். மன்னிப்பும் மறுபடி பொறுப்புக் கொடுப்பதும் ஒன்றில்லை என்பதை அந்த மூப்பர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வாரமே மாற்றிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைக்காதீர்கள். கட்டிட நிதி என்று வாங்கியதை, கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். சபைப் பணம் யாருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் ஒருநாள்கூடத் தங்கக்கூடாது. பணத்தைக் கையாளாத ஒருவர் மாதாமாதம் வங்கி அறிக்கையைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இது பொருளாளருக்கு எதிரான ஏற்பாடு இல்லை. நாளைக்கு யாராவது அபாண்டமாகப் பேசினால் அவரைக் காப்பாற்றப் போவது அந்தக் கையெழுத்துதான்.

"நான் போய்க் கணக்குக் கேட்டால் சபையில் பிரிவினை வராதா?" என்று விசுவாசிகள் கேட்கிறார்கள். கேட்கிற விதத்தைப் பொறுத்தது. குழு அரட்டையில் சாடைமாடையாக எழுதினால் வரும். முதலில் பொருளாளரிடமோ போதகரிடமோ தனியாகப் போங்கள். "யாரோ சாப்பிடுகிறார்கள்" என்று போகாமல், கட்டிட நிதியில் இதுவரை எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்பதுபோல ஒரே ஒரு தெளிவான கேள்வியோடு போங்கள். பதில் கிடைக்காவிட்டால் இன்னும் ஒருவர் இருவரோடு, எழுத்தில். அதற்கும் இல்லையென்றால் சபையின் பொதுக்கூட்டத்தில். மத்தேயு 18இல் இருக்கும் வரிசைதான். பதில் வரும்வரை உங்கள் காணிக்கையை ரசீது கொடுக்கும் வேறொரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. சில போதகர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.