ஆக்சிமீட்டரில் 97 காட்டினாலும் மூச்சு முட்டுவது ஏன்?

"அப்பாவுக்கு 97 காட்டுது, மேடம். ஆனா மூச்சு முட்டுதுன்னே சொல்லிக்கிட்டு இருக்கார். இது பயம்தானே?"

நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த அப்பாவைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தன் உடம்பு சொல்வதை எடுத்துச் சொன்னதற்கு, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வாங்கிவிட்டாரே!

ஆக்சிமீட்டர் சொல்வது ஒரே ஒரு விஷயம்: இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது. அந்த 97-ஐப் பிடித்து நிறுத்த மூச்சுத் தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்பது அதற்குத் தெரியாது. தண்டுவடத்துக்குத் தெரியும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் பிரெனிக் நரம்பு கழுத்தில், தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து புறப்படுகிறது. மேலிருந்து கட்டளையைக் கொண்டுபோவது மட்டும்தான் அதன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் கணிசமான இழைகள் உதரவிதானத்திலிருந்து சேதியை மேலே கொண்டுவரும் உணர்வு இழைகள். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளிலும் இப்படித்தான். அவற்றுக்குள் தசைக்கதிர்கள் என்ற நுண்ணிய உணரிகள் நிறைய உண்டு. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை சொல்லும். உதரவிதானத்தில் தசைக்கதிர்கள் மிகக் குறைவு. அங்கே இழுவிசையை அளக்கும் தசைநாண் உணரிகளும், தசை களைத்துக் கழிவு சேரும்போது விழித்துக்கொள்ளும் மெல்லிய இழைகளும் பேசுகின்றன. எல்லாச் சேதியும் தண்டுவடத்தின் பின்பக்க வேர்கள் வழியே உள்ளே நுழையும். சிலவற்றுக்குத் தண்டுவடமே உடனடியாகப் பதில் கொடுத்துவிடும். மற்றவை மூளைத்தண்டுக்கும் மூளைக்கும் ஏறும்.

மூளை 'இவ்வளவு இழு' என்று கட்டளை போடுகிறது. நெஞ்சுக்கூடு அதற்கேற்ப விரிந்ததா என்ற கணக்கு திரும்பி வருகிறது. கேட்டதும் கிடைத்ததும் பொருந்தாதபோது மூச்சுத்திணறல் உணரப்படுகிறது என்று 1963-இல் கேம்பெல், ஹோவெல் என்ற இரு மருத்துவர்கள் சொன்னார்கள். மூச்சுத்திணறல் முழுவதையும் இது விளக்கிவிடாது என்றாலும், அதன் அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பே, 1954-இல், ஃபவுலர் ஒரு சோதனை செய்திருந்தார். மூச்சை அடக்கி இனி முடியாது என்ற கட்டத்துக்கு வந்தவர்களுக்கு, ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுந்த கலவையைச் சுவாசிக்கக் கொடுத்தார். இரத்த வாயுக்களின் நிலை கொஞ்சமும் மேம்படவில்லை. ஆனாலும் அவர்களுக்கு இதமாக இருந்தது. மறுபடி மூச்சை அடக்கவும் முடிந்தது. நெஞ்சும் நுரையீரலும் அசைந்ததே அந்த இதத்தைத் தந்தது. நோயாளிகளின் வீட்டாருக்கு இதைத்தான் நான் அடிக்கடி சொல்வேன்.

சரி, அந்த அப்பாவுக்கு என்ன ஆகிறது? அவருக்குச் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். வெளியேற முடியாத காற்று நுரையீரலில் தேங்கி, உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிட்டது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் தசை இன்னும் எவ்வளவு சுருங்கும்? பத்து மடங்கு இழுத்தாலும் கொஞ்சம்தான் காற்று வருகிறது. அந்த முறையீடுதான் தண்டுவடம் வழியாக ஓயாமல் மேலே போகிறது. இதைப் பயம் என்று தள்ளுவது தவறு. பயம் சேர்ந்தால் மூச்சு வேகமாகி, காற்று இன்னும் தேங்கும், அவ்வளவுதான்.

அதனால் நான் முதலில் கேட்பது, "எப்படி இருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றுதான். "இழுக்கவே பாடா இருக்கு" என்றால் தசைகளின் சுமை பக்கம் யோசிப்பேன். "காத்துப் பத்தல" என்பது கரியமில வாயு ஏறும்போது மூளைத்தண்டு எழுப்பும் காற்றுப் பசி. "நெஞ்சு இறுகுது" என்பது ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும்போது அதிகம் கேட்கும் சொல். ஆனால் மாரடைப்பிலும் இதே சொல் வரும்; புதிதாக வந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உதரவிதானத்தின் நடுப்பகுதியில் எரிச்சல் வந்தால் வலி தோள்பட்டை நுனியில் தெரியும். தோளின் தோலுக்கு உணர்வு தரும் நரம்பும் பிரெனிக் நரம்பும் தண்டுவடத்தின் அதே பகுதியில் போய்ச் சேருவதால் வரும் குழப்பம் இது. கையைத் தூக்கினாலும் சுழற்றினாலும் கூடாமல், மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்தும் தோள்வலியோடு ஒருவர் வந்தால் நான் தோளைத் தொடுவதில்லை, மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். வயிற்றில் அடிபட்ட பின், அல்லது கருத்தரித்திருக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு வயிற்றுவலியோடு தோள் நுனியில் வலி வந்தால், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அது அவசரம்.

அதேபோல, கைகால் பலம் குறைந்துகொண்டே வரும் ஒருவர் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், ஆக்சிமீட்டரை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். மூச்சுத் தசைகள் தளரும் நோய்களில் அந்த எண் கடைசியில்தான் இறங்கும்.

அந்த அப்பாவை நாற்காலியில் முன்பக்கம் சாய்த்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்ற வைத்தேன். உதரவிதானம் கொஞ்சம் மேலே ஏற இடம் கிடைக்கும். தோள் தசைகளும் விலாவைத் தூக்க உதவும். உதடுகளைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். சில நிமிடங்களில் அவர் தோள்கள் தாழ்ந்தன. ஆக்சிமீட்டரில் அப்போதும் அதே 97. "இப்போ எப்படி இருக்குப்பா?" என்று மகள் கேட்டார். "இழுக்கறது லேசா இருக்கும்மா" என்றார்.