சென்சார் வயர் கழன்றால் உங்கள் மீன் தொட்டி என்ன செய்யும்?

போன டிசம்பரில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு போன். "அண்ணா, தொட்டித் தண்ணி வெந்நி மாதிரி இருக்கு. கொஞ்சம் வர முடியுமா?" பெரம்பூர் பக்கம், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிற தம்பி. நான் போனபோது நூறு லிட்டர் தொட்டியில் தெர்மாமீட்டர் 39 காட்டியது. கொளத்தூரில் பொறுக்கி எடுத்து வாங்கிவந்த ஆறு டிஸ்கஸ் மீன்களும் மேலே மிதந்தன.

பக்கத்தில் அவன் கையால் செய்த கன்ட்ரோலர், ஹீட்டரையெல்லாம் தானாகப் போட்டு அணைக்கிற பெட்டி. சும்மா சொல்லக் கூடாது, அழகான வேலை. ஆர்டுயினோ என்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, சின்ன டிஸ்ப்ளே, அந்த போர்டு சொன்னபடி ஆன்-ஆஃப் ஆகிற ஸ்விட்ச்சான ரிலே நாலு, எல்லாம் ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்குள். வெப்பநிலை பார்க்க டி.எஸ்.18பி20 சென்சார். ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டீல் குழாய்க்குள் வைத்து மூன்று வயரோடு தருவார்களே, அதுதான். மூடியைத் திறந்தேன். மஞ்சள் வயர் சோல்டரிலிருந்து கழன்று நின்றது.

நடந்தது இதுதான். அந்தச் சென்சார் பதில் சொல்லாவிட்டால், எல்லோரும் பயன்படுத்துகிற லைப்ரரி (சென்சாரைப் படிக்க ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம்) மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். 'சென்சார் காணோம்' என்பதற்கான அடையாளம் அது. தம்பி எழுதியிருந்த புரோகிராமோ, 'தண்ணீர் 28க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு' என்றது. மைனஸ் 127, 28க்குக் கீழேதானே? ராத்திரி முழுக்க ஹீட்டர் எரிந்திருக்கிறது. புரோகிராமில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. சொன்னதைச் செய்தது.

வடசென்னையில் மோட்டார் ஸ்டார்ட்டர், வாட்டர் லெவல் கருவி, மீன் தொட்டி வயரிங் என்று சுற்றுகிறவன் நான். வீட்டில் செய்த கன்ட்ரோலர்கள் நிறைய என் கைக்கு வருகின்றன. லைட் எப்போது எரிய வேண்டும், ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் நன்றாக யோசித்திருப்பார்கள். ஒரு வயர் போனால், ஒரு ரிலே ஒட்டிக்கொண்டால், போர்டு உறைந்து நின்றால் எது ஆனில் நிற்கும், எது ஆஃபில் நிற்கும் என்று கேட்டால் பதில் வராது. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சென்சாருக்கு மருந்து எளிது. 15 முதல் 40 டிகிரிக்குள் வருகிற எண்ணை மட்டும் நம்புங்கள். வெளியே போனால் ஹீட்டர் ஆஃப், பஸ்ஸர் ஆன். இன்னொரு பொய் எண்ணும் உண்டு: 85. இந்தச் சென்சாருக்குக் கரன்ட் வந்து முதல் அளவு எடுக்கும் முன் கேட்டால் அதைத்தான் சொல்லும். முழுத் துல்லியத்தில் ஓர் அளவு எடுக்க அதற்கு 750 மில்லி செகண்டு வேண்டும். அதற்குள் அவசரப்படக் கூடாது.

ஆனால் புரோகிராமை எவ்வளவு திருத்தினாலும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. நீல நிற ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அது ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்கு. பம்ப் அப்படியில்லை. ஆஃப் ஆகிற ஒவ்வொரு முறையும் அதன் கம்பிச்சுருள் எதிர்த்து உதைக்கும், ரிலே காண்டாக்ட்டில் பொறி பறக்கும், ஒரு நாள் இரண்டும் வெல்டு அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். பம்ப்புக்குக் குறுக்கே ஸ்னப்பர் என்கிற, பொறியைத் தணிக்கும் சின்ன பாகத்தைப் போட்டால் ரிலேயின் ஆயுள் கூடும், அவ்வளவுதான். ஹீட்டர் ரிலேயானாலும் ஒட்டவே ஒட்டாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால்தான் ஹீட்டர் வாங்கும்போதே கணக்குப் போடச் சொல்கிறேன். நூறு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 116 வாட்-மணி வேண்டும். தம்பி வைத்திருந்தது 300 வாட், அதுவும் சொந்தமாக தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் தானே அணைக்கிற பாகம்) இல்லாத டைட்டானியம் குழாய். "சீக்கிரம் சூடாகட்டும்னு வாங்கினேண்ணா" என்றான். ஒட்டிக்கொண்டால் மணிக்கு இரண்டரை டிகிரி வேகத்தில் ஏற ஆரம்பிக்கும். அதே தொட்டியில் 100 வாட் ஹீட்டர் இருந்திருந்தால்? அறை 24 டிகிரி என்றால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால், என் கணக்கில் 32ஐத் தாண்டுவதே கஷ்டம். டிஸ்கஸ் தாங்கியிருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் என்றால் இன்னும் நல்லது. அதன் திருகை உச்சத்தில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கன்ட்ரோலர் தலையில் கட்டாதீர்கள். உங்களுக்கு 28 வேண்டுமென்றால் திருகை 30இல் வையுங்கள். கன்ட்ரோலர் கைவிட்டாலும் அது பார்த்துக்கொள்ளும்.

ஃபில்டருக்கு நேர் எதிர்க் கணக்கு. ரிலேயில் என்.ஓ., என்.சி. என்று இரண்டு முனை உண்டு. ரிலேக்குக் கரன்ட் இல்லாதபோது என்.ஓ. திறந்திருக்கும், என்.சி. மூடியிருக்கும். ஹீட்டரை என்.ஓ.வில் கொடுங்கள், போர்டு செத்தால் அணையும். ஃபில்டரை என்.சி.யில் கொடுங்கள், போர்டு செத்தாலும் ஓடும். பெரும்பாலான வீடுகளில் எல்லாமே என்.ஓ.வில்தான் இருக்கிறது, ஏனென்றால் வீடியோவில் அப்படிக் காட்டியிருப்பார்கள். கோடையில் இது உயிர் விஷயம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த நேரத்தில் ஃபில்டரும் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

தண்ணீர் வற்றினால் தானாக நிரப்புகிற அமைப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: அதை ஓவர்ஹெட் டேங்க் லைனோடு சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் ஃப்ளோட் ஸ்விட்ச்சின் மிதவைமேல் நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது, மிதவை எழும்பவில்லை, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியவில்லை. குளோரின் எடுத்த தண்ணீரை அஞ்சு லிட்டர் கேனில் வைத்து, அதிலிருந்து குட்டி பம்ப் மூலம் ஏற்றுங்கள். எது கெட்டாலும் அஞ்சு லிட்டருக்கு மேல் வராது.

இனி மீனை விட்டுவிட்டு உங்கள் கைக்கு வருகிறேன். ஹீட்டரில் விரிசல் விழுந்து கரன்ட் தண்ணீரில் இறங்கினால் மீனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பறவை கம்பிமேல் உட்கார்ந்த மாதிரி. கண்ணாடித் தொட்டியில் கரன்ட் வெளியே போக வழி இல்லை. வெறுங்காலோடு நின்று நீங்கள் கையை விடும்போதுதான் வழி கிடைக்கிறது. மெயின் போர்டில் ஓவர்லோடுக்கு விழுகிற ஸ்விட்ச்சான எம்.சி.பி. இதற்கு விழாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6 ஆம்பியரையும் தாண்டினால்தான் விழும், ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். கரன்ட் கசிந்தாலே விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மெயின் போர்டைப் பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பழைய ஃபியூஸ் கட்டை மட்டுமே இருக்கிற வீடுகளில் நான் கன்ட்ரோலர் வேலையைத் தொடுவதில்லை, முதலில் இதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். "மீன் தொட்டிக்கு இவ்ளோ செலவா" என்பார்கள். தொட்டிக்கு இல்லைங்க.

வயரை நேராக பிளக்குக்கு இழுக்காமல், பிளக்கை விடக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டி நின்றுவிடும். போர்டுக்கு ஐம்பது ரூபாய் சார்ஜர் வேண்டாம். தண்ணீரின் அமில-காரத் தன்மையைப் பார்க்கிற பி.எச். எலக்ட்ரோடு வைத்திருந்தால் அது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, சார்ஜருக்குள் தடுப்பு மோசமாக இருந்தால் மெயின் கரன்ட்டுக்கும் தொட்டிக்கும் அதுவே பாலம். இன்னொன்று: பம்ப் ஓடும்போது மட்டும் பி.எச். எண் துள்ளுகிறதென்றால் 'சென்சார் சரியில்லை' என்று மாற்றிவிடாதீர்கள். பம்ப்பில் லீக்கேஜ் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

செல்போனுக்கு எச்சரிக்கை வருகிறதே என்பார்கள். கரன்ட் போனால் வைஃபை ரவுட்டரும் சேர்ந்துதான் போகிறது. பேட்டரியில் ஓடும் ஒரு பஸ்ஸர் அதைவிட நம்பகமானது.

அந்தத் தம்பி பொங்கலுக்கு அப்புறம் மறுபடி கூப்பிட்டான். புது ஹீட்டர், புது வயரிங், மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. தொட்டியில் இன்னும் மீன் விடவில்லை, வெறும் தண்ணீர். "இப்போ பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மஞ்சள் வயரைப் பட்டென்று பிடுங்கினான். ரிலே 'டிக்' என்றது, ஹீட்டர் விளக்கு அணைந்தது, பஸ்ஸர் வீடே அதிரக் கத்தியது. உள்ளேயிருந்து அவன் பாட்டி, "டேய், அதை நிறுத்துடா முதல்ல!" என்றார்கள்.