தேவைப்பாடு

மென்பொருள் ஆட்கள் நாள் முழுக்கச் சொல்லும் 'றிக்குவயர்மென்ற்' என்பதைத் தமிழில் 'தேவை' என்று எழுதிவிட்டுப் போகிறோம். எனக்கு அது போதாது. எங்கள் அரச கடிதங்களில் அடிபடும் 'தேவைப்பாடு'தான் சரி என்பேன்.

இலத்தீனில் 'குவைரெரே' என்றால் தேடு. முன்னால் 'ரெ' சேர்ந்து 'ரெக்குவீரெரே' ஆனால் நாடிக் கேள். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சகோதரச் சொற்கள்தான் றிக்குவயர்மென்ற்றும் றிக்குவெஸ்ற்றும். சேவைநோக்கு ('சேர்விஸ் ஓரியன்ரெட்') முறைமைகளை, அதாவது தனித்தனிச் சேவைகள் ஒன்றையொன்று அழைத்து இயங்கும் மென்பொருள்களைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். முறைமை ஓடும் நேரத்தில் ஒரு சேவை இன்னொன்றுக்கு அனுப்புவது றிக்குவெஸ்ற், அதாவது கோரிக்கை. அந்தச் சேவை எப்படி நடக்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒத்துக்கொள்வது மற்றது. (சேவை சமஸ்கிருதம், 'சேர்விஸ்' அடிமையைக் குறித்த 'சேர்வுஸ்' என்ற இலத்தீனில் பிறந்தது. ஒலியில் கிட்ட வருவது தற்செயல்.)

'வேண்டுகை' என்று ஆக்கலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். சொல் அழகுதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் எடுபடாது. எங்களுக்கு வேண்டுவது என்றால் வாங்குவது. "சந்திக் கடையில ஒரு றாத்தல் பாண் வேண்டிக்கொண்டு வா" என்று அம்மா அனுப்புவா. மறந்துபோய் வெறுங்கையோடு வந்தால் அடியும் வேண்டலாம். 'வேண்டுகை ஆவணம்' என்று தலைப்பிட்டால் கணக்காளர் அதைக் கொள்வனவுப் பட்டியல் என்று எடுத்து வைத்துவிடுவார்.

கட்டுப்படு கட்டுப்பாடு ஆகிறது, உடன்படு உடன்பாடு ஆகிறது. தேவைப்படு என்பதும் அப்படித்தான். 'பாடு' சேர்ந்தவுடன் மனதில் கிடந்தது ஊரறிய நிலைபெற்று, ஆளைக் கட்டும் ஒன்றாகிறது.

கொழும்புக்கு இரவு பஸ் விடும் ஒரு முதலாளி சொல்வார்: "ஒரே சீற்ற ரெண்டு பேருக்குக் குடுத்திட்டுப் பின்னேரம் பஸ்ஸடியில சண்டை பிடிக்கேலாது." இது தேவை. தேவைப்பாடு இப்படி இருக்கும்: 'பயணி ஆசனத்தைத் தெரிந்ததும் ஆசனச் சேவை அதை 10 நிமிடம் பிடித்துவைக்கும், அதற்குள் கொடுப்பனவுச் சேவை உறுதி தராவிட்டால் விடுவிக்கும்.' இதைச் சோதித்துப் பார்க்கலாம், தவறினால் யாரைக் கேட்பது என்றும் தெரியும். முன்னையதில் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். கொடுப்பனவுச் சேவை வங்கியினுடையது. முதலாளியும் நிரலாளரும் அதற்குள் கைவைக்க முடியாது. ஆகவே முறைமை என்ன செய்யும் என்பதோடு, யார் யாரை நம்பி இருக்கிறார் என்பதையும் மாதிரியுருவில், அதாவது முறைமையை விளக்கும் படத்தில், வரைய வேண்டும். 1995இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் எரிக் யூ தன் கலாநிதி ஆய்வில் முன்வைத்த 'ஐ ஸ்ரார்' முறை இதற்கு வசதி. ஒரு வட்டத்தில் முதலாளி, இன்னொன்றில் வங்கி; நடுவே, முதலாளி வங்கியிடம் எதிர்பார்க்கும் 'பணம் வந்த உறுதி'. அந்த உறுதி பிந்தினால் எங்கே இடிக்கும் என்று படத்திலேயே தெரிந்துவிடும். பயணி முறைமையில் என்ன செய்கிறார் என்பதையே முதன்மையாகக் காட்டும் 'யூஸ் கேஸ்' என்ற பயன்பாட்டுப் படத்தில் வங்கி ஒரு மூலையில் குச்சி மனிதனாக நிற்கும், அவ்வளவுதான்.

'ஓரியன்ரெட்' என்பதன் அடியில் கிழக்கு இருக்கிறது. கிழக்குப் பார்த்து நிற்பதிலிருந்து வந்த பொருள். அதனால் 'சேவைசார்' என்பதைவிட 'சேவைநோக்கு' எனக்குப் பிடிக்கும். 'றிக்குவயர்மென்ற்ஸ் மொடலிங் ஒவ் சேர்விஸ் ஓரியன்ரெட் சிஸ்ரம்ஸ்' என்ற முழுத் தொடரையும் 'சேவைநோக்கு முறைமைகளின் தேவைப்பாட்டு மாதிரியாக்கம்' என்று எழுதுகிறேன். நீளம்தான். கூட்டத்தில் பேசும்போது நானும் 'றிக்குவயர்மென்ற்' என்றுதான் சொல்லித் தொலைக்கிறேன்.