புரோட்டான் எங்கே நிற்கிறது?

"புரோட்டான் கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரைந்துவிடுமாமே, டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டேதான் பலரும் அறைக்குள் வருகிறார்கள். புரோட்டான் என்பது அணுக்கருவில் இருக்கும் துகள்; அதை வேகமாகப் பாய்ச்சிக் கட்டியைத் தாக்கும் கதிர்ச் சிகிச்சையைத்தான் கேட்கிறார்கள். அது எக்ஸ் கதிரைவிடப் பல மடங்கு வலுவானது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. உண்மையில் சிகிச்சைக் கணக்கில் நாங்கள் புரோட்டானுக்குக் கொடுக்கும் கூடுதல் வலு வெறும் 10 சதவீதம். அதன் பெருமை வலுவில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது.

எக்ஸ் கதிர் தலையின் ஒரு பக்கம் நுழைந்து, கட்டியைக் கடந்து, மறுபக்கம் வெளியேறும். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சிந்திக்கொண்டே போகும். புரோட்டானோ போகப் போக வேகம் குறைந்து, நிற்கப்போகும் இடத்தில்தான் ஆற்றலைக் கொட்டும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார். 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியது.

இந்தக் குணம் கைகொடுக்கும் இடம் மண்டையோட்டின் அடித்தளம். மூளைத்தண்டுக்கு நேர் முன்னால் இருக்கும் எலும்பில் கோர்டோமா என்றொரு கட்டி வரும். எவ்வளவு கைதேர்ந்த அறுவை மருத்துவராலும் அதை முழுவதுமாக எடுப்பது கடினம். மிச்சத்தை அடக்க 70 கிரேக்கு (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) மேல் வேண்டும். ஒட்டினாற்போல் இருக்கும் மூளைத்தண்டும் பார்வை நரம்பும் 54 முதல் 60 கிரே வரைதான் பொறுக்கும். கட்டிக்கும் இவற்றுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியிலும் இந்தக் குணம் உதவும்: முதுகுத்தண்டு முழுவதும் கதிர் கொடுத்தாலும் முன்னால் இருக்கும் இதயமும் குடலும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் மூளைக்குள் வேறெங்கிருந்தோ பரவி வந்த கட்டிகளுக்கு எக்ஸ் கதிரே பெரும்பாலும் போதும். "புரோட்டான் உண்டா?" என்று கேட்பதைவிட, "என் கட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

நிற்கும் இடம்தான் பலம் என்றால், வம்பும் அங்கேதான். மூக்கை ஒட்டிய காற்றறைகளுக்குப் பின்னால் கட்டி இருந்த ஒருவருக்குச் சிகிச்சையின் நான்காவது வாரத்தில் ஜலதோஷம் பிடித்தது. சாதாரணச் சளிதானே என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. படத்தில் பார்த்தால், காற்று இருந்த அறை முழுக்கச் சளி. காற்றைப் புரோட்டான் இலகுவாகத் தாண்டிவிடும். சளியைத் தாண்ட ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். கட்டியின் பின்விளிம்பை எட்டுமுன்பே அது நின்றுவிடும். அன்றைய சிகிச்சையை நிறுத்தி, மறுபடி சி.டி. எடுத்து, திட்டத்தையே மாற்றினோம். தலைகீழாக, சளியோடு திட்டமிட்டு அது பிறகு வடிந்துவிட்டால் கதிர் மூளைத்தண்டை நோக்கி நீளும். அதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

தலை அசையாமல் இருக்கப் போடும் முகமூடியிலும் கவனம் வேண்டும். வெந்நீரில் இளக்கிய வலைப் பிளாஸ்டிக்கை முகத்தின்மேல் இழுத்துப் பதித்தால், சில நிமிடங்களில் இறுகி உங்கள் மூக்கு, தாடை அச்சாகவே ஆகிவிடும். கழற்றிய பிறகும் நெற்றியில் வலைக்கோடுகள் சிறிது நேரம் தெரியும். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டால் கன்னம் உப்பினால் முகமூடி இறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்; தயவுசெய்து வேண்டாம், அன்றே சொல்லுங்கள். கதிர் பாய்வது ஓரிரு நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் தலையைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான்.

கதிர் நுழையும் இடத்தில் முடி கொட்டும். சோர்வும் இருக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கோர்டோமா பெரும்பாலும் பழைய அளவிலேயே தெரியும். அதைப் பார்த்து முகம் வாடுகிறவர்களிடம், வளரவில்லை என்பதைத்தான் வெற்றியாகக் கணக்கிடுகிறோம் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிட்யூட்டரி சுரப்பி பக்கத்தில் கதிர் பட்டிருந்தால் ஹார்மோன் குறைவு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். ஆகவே நலமாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.